தோளில் தட்டும் விரல்

கொடியில் காய்ந்துகொண்டிருந்த நாலு முழ வேட்டியைப் பார்த்து மருதை, “வாங்க மச்சான், எப்ப வந்தீங்க? வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வந்து உக்காருங்க” என்றார்.

வள்ளிக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா வேடிக்கை பண்ணுகிறவர். மெயின்கார்டு கேட் ஜட்கா ஸ்டாண்டிலேயே வாய் அதிகம் என்று பெயர் எடுத்தவர். வேட்டி பதில் சொல்லவில்லை, காற்றில் லேசாக அசைந்தது. “என்ன மச்சான், கோவமா?” என்று கிட்டே போன அப்பா, கை நீட்டி ஈரத் துணியைத் தொட்டார். சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

பயப்படுவதில் வள்ளிக்கண்ணு பேர்போனவள். பன்னிரண்டு வயதுக்குள் அவள் சேர்த்து வைத்திருந்த பயங்களை எழுதினால் ஒரு குயர் நோட்டு பற்றாது. தவளை, இடி, கணக்கு டீச்சர், கோயில் யானை, யானையின் சங்கிலிச் சத்தம், யானை கண்ணில் படாத நாட்களில் அது எங்கே போயிருக்கும் என்ற யோசனை. ஆனால் அதெல்லாம் ஓடிப்போய் அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடிய பயங்கள். இது வேறு. இப்போது பயமே அப்பாவிடமிருந்து வந்தது. எங்கே போய் ஒளிவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குதிரைக் கொட்டிலுக்கு அவர் பின்னாலேயே போனாள்.

“எத்தனை நாளாப்பா?”

மருதை குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்டிருந்தார் என்றால், தொட்டிக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

“ஆடியிலேருந்து. ஒரே பொகையா இருக்கு, ஆத்தா. ஆளு வந்தா நெழலு வராப்புல இருக்கு. மூஞ்சி தெரியல.”

“அப்புறம் எப்படி வண்டி ஓட்டறீங்க?”

“நான் எங்க ஓட்டறேன். ஜமீன்தாரு ஓட்டறாரு.”

ஜமீன்தார் என்பது குதிரையின் பெயர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த சமயத்தில் வாங்கியது. தின்பதும் தூங்குவதும் தவிர வேறு எதிலும் நாட்டமில்லாத அதன் சுபாவத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர். ஆனாலும் மெயின்கார்டு கேட்டிலிருந்து காவேரிப் பாலம் தாண்டி, மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரம் வரைக்கும் உள்ள பாதை ஜமீன்தாருக்கு மனப்பாடம். பாதை மனப்பாடம்தான். பாதையில் யார் குறுக்கே வருவார்கள் என்பதை எந்தக் குதிரையும் மனப்பாடம் செய்ய முடியாது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா.”

“பெரியப்பா கண்ணைப் பாத்தியில்ல?”

பார்த்திருக்கிறாள். பெரியப்பா செல்லக்கண்ணுவுக்கும் இப்படித்தான் புகை மூடியது. மாட்டுச் சந்தைக்கு வந்த ஊர்சுற்றி வைத்தியன் ஒருவன், மரத்தடியில் உட்கார வைத்து, ஊசியால் கண்ணுக்குள் என்னவோ செய்தான். மூன்று நாள் நன்றாகத் தெரிந்தது. நாலாம் நாள் சீழ் வைத்தது. அதற்குப் பிறகு பெரியப்பாவுக்குச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அதிலிருந்து மருதைக்கு மரத்தடி ஊசியும் ஆஸ்பத்திரிக் கத்தியும் ஒன்றுதான்.

“வெளிய தெரிஞ்சா வில்லையைப் பிடுங்கிடுவாங்க” என்று சட்டைக் கையில் குத்தியிருந்த பித்தளை வில்லையைத் தொட்டுக் காட்டினார். முனிசிபாலிட்டி நம்பர் போட்டது. அது இருந்தால்தான் ஜட்கா ஓட்டலாம். “அம்மாகிட்டகூட மூச்சு விடக்கூடாது. வெக்காளியம்மன் மேல சத்தியம் பண்ணு.”

உறையூர் வெக்காளியம்மன் கூரை இல்லாமல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிற தெய்வம். அதற்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்பது வள்ளிக்கண்ணுவின் இன்னொரு பயம். சத்தியம் பண்ணினாள்.

மறுநாளிலிருந்து அரைப் பரீட்சை லீவு. “நானும் வண்டியில போறேம்மா” என்றாள். அம்மா அழகம்மாள் சுருட்டுக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “குதிரை தும்மினா நடுங்குவியே, நீயா?” என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் அவர்கள் போட்ட திட்டம், வள்ளிக்கண்ணு குதிரையைத் திட்டுவது. “ஜமீன்தாரே, எதுத்தாப்புல வாழைத்தார் வண்டி வருது, கண்ணு தெரியலையா? ஜமீன்தாரே, இடது பக்கம் ஒரு ஆயா நிக்கிறாங்க.” அப்பா அதைக் கேட்டுக்கொண்டு லகானைப் பிடிப்பார். பார்க்கிறவர்களுக்குக் குதிரையோடு பேசும் ஒரு கிறுக்குப் பெண். வள்ளிக்கண்ணு அதற்கு மனம் ஒப்பினாள். கிறுக்கு என்று பெயர் எடுப்பது அவளுடைய பயப் பட்டியலில் இல்லாத ஒன்று.

இரண்டாம் நாளே, வண்டியில் வந்த காட்டு மரம் வெட்டும் கூப்புக் கான்ட்ராக்டர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். “ஏன்யா மருதை, பாப்பா வழி பூரா ஒண்ணொண்ணா சொல்லிட்டு வருதே, உனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

சும்மா வேடிக்கைக்குக் கேட்டார். அப்பாவும் பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய முதுகு நடுங்கியதை வள்ளிக்கண்ணு மட்டும் பார்த்தாள்.

அன்றைக்கு விரலுக்கு மாறினார்கள். அப்பா வண்டியின் முன் விளிம்பில் உட்காருவார். அவள் அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல், வண்டிக்குள் பரப்பிய புல்மேல் உட்கார்ந்துகொள்வாள். இடது தோளில் தட்டினால் இடது பக்கம். வலது தோளில் தட்டினால் வலது பக்கம். நடு முதுகில் குத்தினால் உடனே நிறுத்த வேண்டும். யார் கண்ணுக்கும் படாது. அப்பாமேல் செல்லமாகச் சாய்ந்துகொண்டு வருகிற பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நன்றாகத்தான் வேலை செய்தது. அதுதான் பயமாக இருந்தது. மாம்பழச் சாலையில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியது, குத்தினாள், வண்டி நின்றது. அம்மா மண்டபத்துப் பக்கம் குடத்தோடு ஒருத்தி திரும்பிப் பார்க்காமல் சாலையில் இறங்கினாள், இவள் தட்டினாள், வண்டி விலகியது. தும்மல் வந்தால் அடக்கிக்கொண்டாள். கண் சிமிட்டுவதைக்கூடச் சாலை காலியாக இருக்கும்போதுதான் செய்தாள். சோறு இறங்கவில்லை. “என்னடி, வண்டியில போயிப் போயிக் குதிரை மாதிரி வத்திட்டே?” என்றாள் அம்மா. ஜமீன்தார் வற்றவில்லை. தொட்டிக்கு வெளியே கொட்டுவதையும் சேர்த்துத் தின்றுகொண்டு நன்றாகவே இருந்தார்.

அப்பாவுக்கோ நாளுக்கு நாள் தைரியம் கூடிக்கொண்டே போனது. முன்பெல்லாம் தட்டிய பிறகும் தயங்கித்தான் திருப்புவார். இப்போது விரல் பட்டவுடனே திருப்பினார். அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பார்த்தால் அவளுக்குக் கோயில் யானையே தேவலை என்றிருந்தது.

வைகுண்ட ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. ஏகாதசிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு மெயின்கார்டு கேட்டில் ஒரு மாமி ஏறினாள். பெயர் ரங்கநாயகி. மடிசார், மூக்குத்தி, கூடை நிறையத் துளசி மாலை, இடுப்பில் மூன்று வயதுப் பையன்.

“பெருமாளைச் சேவிக்கணும்ப்பா. மெதுவாப் போ. நேத்திக்கு வர முடியலை, இவனுக்கு ஜுரம். இன்னிக்குப் பாரு, வாலு முளைச்சிருக்கு.”

“முன்னாடி தள்ளி உக்காருங்கம்மா, பின்பாரம் ஆவுது” என்றார் மருதை. மாமிக்குச் சரீரம் கொஞ்சம் தாராளம். அவள் முன்னால் நகர்ந்ததும் பையன் அவள் மடியிலிருந்து எழுந்து, வண்டி ஓட்டுகிறவரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றான். குதிரையைப் பார்ப்பதற்கு.

வள்ளிக்கண்ணு பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று பட்டது. “தம்பி, உக்காரு” என்றாள். தம்பி அவளுக்கு நாக்கைக் காட்டினான்.

பாலத்தில் ஏறினார்கள். கீழே காவேரி பாதி மணலும் பாதித் தண்ணீருமாகக் கிடந்தது. முன்னால் ஒரு மாட்டு வண்டி, அதன் பின்னால் கோவிந்தா போட்டுக்கொண்டு ஒரு கூட்டம். அவள் கண் அந்தக் கூட்டத்தின்மேல் இருந்தது. எதிரே ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அது பாட்டுக்கு வலது பக்கம் போய்விடும். பயமில்லை.

“ஹை, ஹை” என்றான் பையன். குதிரையை விரட்டுகிறானாம். சின்னக் கையால் மருதையின் வலது தோளில் பட்டுப் பட்டென்று இரண்டு அடி.

மருதை லகானை வலது பக்கம் இழுத்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

வள்ளிக்கண்ணுவுக்கு அந்த நொடி ரொம்ப நீளமாக இருந்தது. பஸ்ஸின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரின் தாடியும் திறந்த வாயும் தெரிந்தன. அப்பா முதுகின் நடுவில் குத்தினாள். அவர் இழுத்துப் பிடித்தார். ஆனால் ஜமீன்தார் ஏற்கெனவே பாதிச் சாலைக்கு வந்துவிட்டிருந்தார். அவள் அப்பாவின் தோளுக்கு மேலாகப் பாய்ந்து, இடது லகானை இரண்டு கையாலும் பற்றி, உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்டாள். உள்ளங்கைத் தோல் உரிவது தெரிந்தது. வலி தெரியவில்லை.

பிரேக்கு அலறியது. மாமி “ரங்கா” என்று பின்பக்கம் சரிந்தாள். சரிந்ததும் பாரம் பின்னால் போய், குதிரையைப் பூட்டியிருந்த ஏர்க்கால் மேலே தூக்கி, ஜமீன்தார் முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில் உதைக்க நின்றார். அப்பாவும் பெண்ணும் முன்னால் குனிந்து தொங்கித்தான் அவரைப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள்.

பிறகு சத்தமே இல்லை. பஸ் நின்றிருந்தது. குதிரையின் காதுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். மாமிக்கு முழங்கையில் சிராய்ப்பு. பையன் சிரித்துக்கொண்டிருந்தான். துளசிக் கூடை எகிறிப் போய்ப் பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. கூடை என்று சொல்ல முடியாது. சப்பையாக, பச்சையாக, ரோட்டோடு ரோடாக ஒட்டியிருந்தது. துளசி வாசனை குப்பென்று வந்தது. வள்ளிக்கண்ணு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் அந்தப் பையன் விழுந்திருக்கலாம்.

கூட்டம் கூடியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான், குதிரை மிரண்டுடுச்சு.”

“நானும் கேட்டேன், காது கிழியற மாதிரி அடிச்சான்.”

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். தாஜுதீன் என்று பெயர் சொன்னார். “ஐயா, அல்லா சத்தியமா நான் ஹாரனே அடிக்கலீங்க. பிரேக்குதான் அடிச்சேன். கேட்டுப் பாருங்க.”

“எல்லா டிரைவரும் இதையேதான் சொல்றான். லைசென்ஸை எடு. ஸ்டேஷனுக்கு வா.” போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். “யோவ் ஜட்கா, நீ சொல்லு. ஹாரனுக்குத்தானே மிரண்டுது?”

மருதை மெதுவாக, “ஆமாங்க, மிரண்டுடுச்சுங்க” என்றார். பணிவாகக் கும்பிட்டுக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கும்பிட்டது போலீஸ்காரரை அல்ல, பஸ்ஸின் விளக்கை. அதை யாரும் கவனிக்கவில்லை.

முடிந்துவிட்டது. வள்ளிக்கண்ணு ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினால் போதும், வில்லை சட்டையிலேயே இருக்கும். நாளைக்கும் இதே பாலம். நாளைக்கும் விரல். நாளைக்கு யாருடைய பையன் தட்டுவானோ. தாஜுதீன் கக்கத்தில் தொப்பியை இடுக்கிக்கொண்டு பையிலே லைசென்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியது கிடைக்கவில்லை.

வள்ளிக்கண்ணு மேலே பார்த்தாள். வானம்தான் இருந்தது. உறையூர் அம்மனுக்கும் இதே வானம்தான். என்ன செய்தாலும் செய்துகொள் தாயே என்று நினைத்துக்கொண்டாள்.

“அவரு ஹாரன் அடிக்கலீங்க.” குரல் தவளைக் குரல் மாதிரி வந்தது. “எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதுங்க. நான்தான் தோள்ல தட்டித் தட்டி ஓட்டிட்டு வரேன். அந்தத் தம்பி தட்டிடுச்சு. அப்பா நான்னு நெனச்சுட்டாருங்க.”

மாமி பையனை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது போலிருந்தது.

போலீஸ்காரர் நம்பவில்லை. மருதையின் எதிரே வந்து நின்று கையை உயர்த்தினார். “இது எத்தனை விரலு?”

மருதையின் முதுகு மெல்லப் பின்னால் சாய்ந்தது. வள்ளிக்கண்ணு நிற்கிற பக்கமாக, அவளுடைய விரலைத் தேடிக்கொண்டு, கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நாலு விரல் என்று நாலு தட்டுத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும். அவள் தோல் உரிந்த கைகளைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டாள். அழுதாள்.

“ரெண்டுங்களா?” என்றார் மருதை.

போலீஸ்காரர் கையை இறக்கினார். வேறொன்றும் கேட்காமல் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றினார். அதட்டவில்லை. “டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்தா திரும்பக் கிடைக்கும்யா. அதுவரைக்கும் லகானைத் தொடாதே” என்றார். அதட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஜமீன்தாரை வள்ளிக்கண்ணு கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அப்பா நடந்துவந்தார். பாலம் இறங்கிச் சிந்தாமணி வரும் வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டில் அவருடைய வாய் ஓய்ந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

அம்மா மட்டும் இரண்டு நாள் விடாமல் பேசினாள். “ஆடியிலேருந்து என் மூஞ்சி தெரியலையாம். நான்கூட, மனுசன் திடீர்னு நம்மகிட்டச் சிரிச்ச மொகமா இருக்காரேன்னு சந்தோசப்பட்டேன். எங்க பாத்து சிரிச்சாரோ. ரெண்டு பேரும் சேந்து எனக்குத் தெரியாம செத்திருப்பீங்களே, அப்ப யாருடி வந்து எனக்குச் சொல்வா?” சொல்லிக்கொண்டே வள்ளிக்கண்ணுவின் உள்ளங்கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

மூன்றாம் நாள் தாஜுதீன் வந்தார். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

“உம் பொண்ணு அன்னிக்கி வாயைத் தெறக்கலேன்னா எனக்கு வேலை போயிருக்கும், மருதை. எங்க மாமாவுக்கு இதே பொகைதான். புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியிலதான் எடுத்தாங்க. இப்ப மீன்ல முள்ளு பொறுக்கறாரு.”

மருதை கூரையைப் பார்த்துக்கொண்டே, “கத்தி வைப்பாங்களா?” என்று கேட்டார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

“வைப்பாங்க.”

“கண்ணுலயா?”

“பின்ன, கால்லயா வைப்பாங்க?”

மருதைக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு, “ஆத்தா எங்க?” என்று கையை நீட்டினார். வள்ளிக்கண்ணு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது. ஆறடி உயரம், முறுக்கு மீசை, குதிரையையே அடக்குகிற கை. அது தன்னுடைய கை மாதிரியே பயப்படும் என்று அவள் நினைத்ததில்லை.

“எனக்குப் பயமா இருக்கு, ஆத்தா” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல.

“எனக்குந்தாம்பா” என்றாள். “வாங்க, போலாம்.”

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் அப்பா அசையாமல் மல்லாந்து கிடந்தார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இரண்டு கண்ணிலும் கட்டு. அசைந்தால் எல்லாம் போய்விடும் என்று நர்சு சொல்லிவிட்டாள். கட்டில் பக்கத்தில் வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். அவர் தூக்கத்தில் திரும்பப் பார்த்தால் நெஞ்சின் நடுவில் மெல்ல ஒரு குத்து. உடனே நின்றுவிடுவார். மற்ற நேரமெல்லாம் அவள் வேலை, கட்டுக்கு அடியில் சீழ் தெரிகிறதா என்று பார்ப்பது. காலையில் பார்த்தாள். மத்தியானம் பார்த்தாள். நாலாம் நாள் நூறு தடவை பார்த்திருப்பாள். பெரியப்பாவின் நாலாம் நாள் அவள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகவே இல்லை.

எட்டாம் நாள் டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்தார். அப்பாவை எழுப்பி உட்கார வைத்து, வலது கண்ணுக்கு முன்னால் சோடா பாட்டில் அடிபோல் தடித்த கண்ணாடி ஒன்றைப் பிடித்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

டாக்டர் கையை உயர்த்தினார். “இது எத்தனை?”

வள்ளிக்கண்ணு அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். மூன்று விரல். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய ஆட்காட்டி விரல் தானாகவே எழுந்து அவர் தோள் பக்கம் போனது. பழக்கம். மூன்று தட்டு. யாருக்கும் தெரியாது.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தன் விரலைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முதுகையே பார்த்தாள். இப்போது சாயும், இப்போது சாயும் என்று பார்த்தாள்.

அது சாயவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்தது.

“மூணுங்க” என்றார் மருதை. பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, “நடு வெரல்ல நகம் வெட்டலீங்க, டாக்டரய்யா” என்றார்.